நாற்பத்தாறு மில்லிமீற்றர்

படிவத்தில் பதினேழு கூட்டல் அறுநூற்று நாற்பது.
ஊரில் பதினோராம் கட்டைக்குக் கொஞ்சம் இஞ்சால்.
ஒலுமடு தாண்டி, காட்டின் நிழல் இன்னும் தெருவில் படுத்திருந்த நேரம்,
ஆறு நாள் வயதுக் காப்பெற்றில்
துளைபொறியை நிறுத்தினோம்.

பவுசர் வரவில்லை.
கானில் கொண்டுவந்த வாய்க்கால் தண்ணீரை
யூட் ஊற்ற ஊற்ற
கறுப்பாய் வழிந்து முதிரை வேர்வரை போனது.

என் வேலை சின்னது.
புதுத் தெருவில் ஓட்டை போடுவது,
ஓட்டையில் இருந்ததை அளப்பது.
பால்மாப் பேணி மொத்தத்தில் ஓர் உருளை வரும்.
மேலே தார், கீழே உடைகல், அதன் கீழே கிறவல்.
தாரோடு நிறுத்திவிடலாம்.
அதற்குக் கீழே நிரல் இல்லை.

அன்று யூட் நிறுத்தவில்லை.
தொலைபேசியில் அவன் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது.
கல் உதிர்ந்து, கிறவல் சேறாகி வந்த பின்
இன்னொரு தார் வந்தது,
விரல் மொத்தம், வெளிறிப்போய்.
எங்களுக்கு முன் இங்கே கிடந்த தெரு.

“அக்கா, குண்டு.”
சொல்லிவிட்டு நாலடி பின்னால் போய்விட்டான்.
குனிந்து பார்த்தேன்.
குண்டுதான். சைக்கிள் குண்டு.
பின்சில்லின் அச்சுக்குள் ஓடுகிற ஒன்று,
துருப்பிடித்து, தாருக்குள் பாதி புதைந்து.

யாரோ பாரத்தோடு மிதித்திருக்கிறார்கள்.
அச்சு விட்டிருக்கிறது.
மிச்சத் தூரம் உருட்டியிருப்பார்கள்.
மாங்குளம் பக்கமா, முல்லைத்தீவுப் பக்கமா
என்பது குண்டில் தெரியாது. உருண்டை அது.

நல்ல தாரை மூன்று இடத்தில் அளந்தேன்.
நாற்பத்தேழு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு.
ஐம்பது இருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரரின் பொறியியலாளர் விஜேகோன்
வாகனத்தை விட்டு இறங்கி வந்தார். நல்ல மனிதர்,
தமிழை ஒவ்வொரு சொல்லாய்த் தூக்கி வைப்பவர்.
“மிஸ், ரெண்டு மீற்றர் தள்ளி
இன்னொண்டு எடுங்களேன்.”

இரண்டு மீற்றர் தள்ளி.
சிவப்புக் கட்டை நட்டு வெடி கிளறிய நாட்களில்
அண்ணன் அந்த வேலையில் இருந்தான்.
இரண்டு மீற்றர் தள்ளி என்று
வீட்டில் யாரும் பகிடிக்கும் சொல்ல மாட்டோம்.
அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.
தள்ளி எடுத்தால் ஐம்பது வந்தும் இருக்கலாம்.

நாற்பத்தாறு என்று எழுதினேன்.
ஆறின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.
அவர் பார்த்தார், கையொப்பம் இட்டார்,
“நல்ல எழுத்து” என்றார்.
பில்லில் எவ்வளவு வெட்டுவார்கள் என்பதற்கு
ஒரு சூத்திரம் உண்டு. அது வவுனியாவில் இருக்கிறது.

ஓட்டைக்குள் கலவை போட்டு இடித்தோம்.
யூட் மேலே ஏறிக் குதித்து,
மருமகன் பெயர் இன்னும் வைக்கவில்லை என்றான்.

பின்னேர பஸ் எண்பதில் வந்தது.
மீன்பெட்டி, இரண்டு ஆசிரியைகள்,
ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் தூக்கத்தில்.
கொழும்புக்கு இனி ஆறு மணித்தியாலம் என்று
சாரதி யாருக்கோ கதைத்துக்கொண்டிருந்தார்.
அந்த இடம் வந்ததும் நான் இருக்கையில் இறுகினேன்.
ஒன்றுமில்லை. நாலு மில்லிமீற்றரை
பஸ் உணராது.

எந்த இறக்கம் என்றார் நடத்துநர்.
“பதினாறாம் கட்டை.”
கட்டையைப் பிடுங்கி எட்டு வருடம்.
அவர் சரியாக அங்கேதான் நிறுத்தினார்.

சில்லறை தேடிய கையில் குண்டும் வந்தது,
திரும்பப் பைக்குள் போட்டேன்.
எங்கள் ஒழுங்கை எழுநூறு மீற்றர்,
வரைபடத்தில் கோடாகவும் இல்லாதது.
மத்தியானம் மழை பெய்திருக்கிறது.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து
கரையோரமாக நடந்தேன்,
உழவுயந்திரத் தடத்தில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று
கண்ணால் அளந்து அளந்து.