நூற்று முப்பத்தெட்டு

லெசோத்தோ மலையில் ஜூலை என்றால் பனி.
மொகோட்லோங் தேவாலயத்தின் தகரக் கூரைக்குக் கீழே
பதினோரு பெண்கள், ஒரு மேய்ப்பன்,
நான்கு ரத்த அழுத்தக் கருவிகள்,
புகையும் மண்ணெண்ணெய் அடுப்பு.
மசேருவிலிருந்து நான் கொண்டுவந்தவை
ஓர் இரட்டைச் செவிக்குழாய், ஓர் அட்டவணை,
எல்லாம் தெரிந்தவளின் குரல்.

முதலில் போர்வையைக் கழற்ற வேண்டும்.
இங்கே யாரும் அதை லேசில் கழற்றுவதில்லை.
கம்பளிக்கு மேல் பட்டையைச் சுற்றினால்
கம்பளியின் அழுத்தம்தான் தெரியும் என்றேன்.
அந்தச் செம்மறி உயிரோடு இருந்தபோது
அதற்கு எவ்வளவு இருந்தது என்று கேட்டான்
மேய்ப்பன் லெபொஹாங்.

பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருப்பது.
முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து,
கை நெஞ்சின் உயரத்தில்,
வாய் மூடி.
கடைசிதான் கஷ்டம்.
சுரங்கத்திலிருந்து பணம் அனுப்பாத கணவனை
ஐந்து நிமிடம் நாக்குக்கு அடியில் வைத்திருக்க வேண்டும்.

ஒரே குழாய், இரண்டு ஜோடிக் காதுகள்.
ஒருத்தியும் நானும் ஒரே கையின்மேல் குனிந்து
ஒரே ஓசைக்குக் காத்திருந்தோம்.
காற்று மெல்ல இறங்கட்டும்,
நொடிக்கு இரண்டு கோடு.
முதல் தட்டு கேட்கும் இடத்தில் ஓர் எண்,
தட்டு ஓயும் இடத்தில் இன்னொன்று.
நடுவில் கேட்பதெல்லாம்
ஓர் ஆள் உயிரோடு இருக்கும் சத்தம்.
அதை எழுத அட்டவணையில் கட்டமில்லை.

எல்லோருக்கும் சுழியம் பிடித்திருந்தது.
நூற்றிருபது, நூற்று முப்பது, எண்பது, தொண்ணூறு.
இதயம் பத்துப் பத்தாக எண்ணாது என்றேன்.

கொலஸ்ட்ரால் பாடத்தில்
குளிர்ந்த விரல் ரத்தம் தர மறுத்தது.
பிழியாதீர்கள், நீர் கலந்து கணக்குப் பொய்க்கும்;
சூடான குவளையைப் பிடித்திருங்கள்,
துளி தானாகத் திரளட்டும்.
விரல் சூடாவதற்குள்
தேநீர் தீர்ந்துவிட்டது.

மாலெபூசா மட்டும் சுழியம் எழுதவில்லை.
அவளுடைய மூன்று மாத நோட்டைப் புரட்டினேன்.
நூற்று முப்பத்தெட்டு.
நூற்று முப்பத்தெட்டு.
அறுபத்து நான்கு பேரில் நாற்பத்தொருவருக்கு
நூற்று முப்பத்தெட்டு.
காதில் கோளாறோ என்று சோதித்தேன்.
என்னைவிட அவளுக்கு நன்றாகக் கேட்டது.
நான் நூற்று ஐம்பத்தாறு என்று குறித்த கையில்
அவள் உதடும் நூற்று ஐம்பத்தாறு என்றே அசைந்தது.
பென்சில்தான் பதினெட்டுப் படி இறங்கியது.

ஏன் என்று கேட்டேன்.
சும்மா இருந்தாள்,
முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து.

"நூற்று நாற்பது வந்தா
மருந்தகத்துக்கு அனுப்பணும்னு இந்தத் தாளில் இருக்கு.
மருந்தகம் ஆத்துக்கு அந்தப் பக்கம்,
குதிரையில அஞ்சு மணி நேரம்.
குதிரை இருக்கிறது ஏழு வீட்டுல.
போன தடவை போனவங்ககிட்ட
மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.
நடக்க முடியாதவங்ககிட்ட
எதுக்குத் தூரத்தைச் சொல்லணும்?"

யாரும் அவளைப் பார்க்கவில்லை.
இரண்டு மூன்று நோட்டுகள் மெதுவாக மூடிக்கொண்டன.

என் அட்டவணையில் இதற்குப் பெயர்
பதிவுப் பிழை.
எழுதினேன். அடித்தேன்.
நாற்பத்தொருவர் பெயரையும்
தனித்தாளில் வரிசையாக எழுதி,
எதிரே உண்மையான எண் நினைவிருந்தால் சொல் என்றேன்.
எல்லாம் நினைவிருந்தது அவளுக்கு.
ஏழு குதிரைகளையும் அதிலேயே எழுதினோம்.
அந்தத் தாளை யாருக்கு அனுப்புவது என்று
எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் என் வண்டி அச்சுவரை பனியில் புதைந்திருந்தது.
சும்மாதானே இருக்கீங்க என்று
பட்டையோடு வந்தாள் மாலெபூசா.
சட்டைக் கையைச் சுருட்டினேன்.
சுருட்டினா இறுகும், கழட்டுங்க என்றாள்,
நான் சொன்ன அதே தொனியில்.
ஐந்து நிமிடம்.
நொடிக்கு இரண்டு கோடு.
எனக்குக் கேட்காத எதையோ
என் கையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பென்சில் இறங்கவில்லை.
நூற்று அறுபத்து நான்கு என்று எழுதி
நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"உங்ககிட்ட
குதிரை இருக்கா?"