ஆ, இடது பின்கதவில்

சோளகம் விடிய முன்னமே எழும்பிவிட்டது.
பரந்தன் சந்தியில் திரும்பும் ஒவ்வொரு டிப்பரும்
முல்லைத்தீவு வீதிக்குக் கொஞ்சம்,
எங்கள் தகரக் கொட்டகைக்குக் கொஞ்சம் என்று
மணலைப் பங்கிட்டுக்கொண்டு போகிறது.

கஜரூபனின் கார் கறுப்பு.
கறுப்பென்றால் வேலை இரண்டு மடங்கு,
கூலி ஒன்றுதான்.
இன்னும் நாற்பத்தொரு மாதம் லீசிங் கிடக்காம்.
பத்தரைக்கு மல்லாவியில் பொம்பிளை ஏற்ற வேணுமாம்.
"கெதியா, அக்கா.
நல்லாத் தேய்ச்சு விட்டால் காயும்தானே?"

தேய்க்கிறதில்லை.

நுரை போன பிறகு
குழாய் முனையைக் கழற்றி வைத்துவிட்டு
கூரையிலிருந்து தண்ணியைச் சும்மா விடுவேன்.
சிதறாது. பாய் சுருட்டுவதுபோல
மற்றத் தண்ணியையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.
மிஞ்சி நிற்பது எனக்கு.

துவாயை உதறி
இரண்டு மூலையில் பிடித்து
பொனட்டில் படுக்கவைத்து
என் பக்கம் இழுப்பேன்.
பாரம் துவாயின் பாரம் மட்டும்.
கை அதில் சேராது.
வட்டமும் போடேன்.
வட்டம் போட்டவன் காரை மத்தியானம் பாருங்கள்,
பெயின்ற் முழுக்கச் சிலந்தி குடியிருக்கும்.

எட்டாய் மடித்தால் ஒரு துவாய்க்குப் பதினாறு முகம்.
ஒரு கதவுக்கு ஒரு முகம்.
நிலத்தில் விழுந்தது சில்லுக்கு.
இன்றைக்கு யூட் அன்ரன் ஒன்றைத் தவறவிட்டான்.
எடுத்தான், ஊதினான், என்னைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சில்லுப் பக்கம் போனான்.

எங்கள் கிணறு
கேத்திலின் அடியில் கல்லுக் கட்டுகிற கிணறு.
வெயில் கொட்டகைக்குள் கால் வைக்க முன்னம் முடிக்க வேணும்.
காய்ந்த சொட்டு ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையம்,
அதை எடுக்கப்போய் வருவது ஒரு கீறல்.

ஆறு வருசம் முகமாலையில்
முழங்காலில் இருந்து மண் விறாண்டினவள் நான்.
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகல நிலம்.
அங்கே என்னைக்
கெதியா என்று சொன்னவர் ஒருவருமில்லை.

கூரை, கண்ணாடி, பொனட், வலது பக்கம்.
பிறகு இடது பின்கதவு.

நனைந்திருக்கும்வரை எல்லாக் காரும் புதுக் கார்.
தண்ணி கீறலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.
துவாய் தாண்டிய பிறகுதான் உள்ளது தெரியும்.

தெரிந்தது.
ஒரு சாண் உயரத்தில்
ஆ.
கல்லால் எழுதியது.
சுழி வளைகிற இடத்தில் மட்டும்
மூன்று தரம் போய் வந்திருக்கிறது கல்.
பக்கத்தில் அரைக் கோடு,
அடுத்த எழுத்துத் தொடங்கவும்
ஆரோ கையைப் பிடித்த இடம்.

இது என்ரை துவாயாலை வந்ததில்லை,
சொல்ல வாயெடுத்தேன்.
அவன் போனைப் பொக்கற்றில் போட்டான்.
"ஆருஜா. பள்ளிக்கூடம் சேர்த்து ரெண்டு கிழமை.
அடிக்கத்தான் கை ஓங்கினனான்.
பிறகு பாத்தால்
எழுத்துச் சரி."

"ரிப்பன் கட்டி மறைக்கலாம் அண்ணை,"
சில்லடியிலிருந்து யூட்.
"வேண்டாம்.
பொம்பிளை மற்றப் பக்கத்தாலை ஏறட்டும்."

எழுத்துக்குள் இன்னும் ஈரம்.
துவாயின் மூலையைக் கூராய்த் திருகி
சுழியில் ஒற்றினேன்,
நெடிலின் காலில் ஒற்றினேன்,
அரைக் கோட்டிலும்.

ஒன்பது இருபது.
காசு தந்தான், ஸ்ரார்ட் பண்ணினான்.
பக்கக் கண்ணாடியின் மடிப்புக்குள்
இவ்வளவு நேரமும் பதுங்கியிருந்த ஒரு சொட்டு
கதவில் மெல்ல இறங்கத் தொடங்கியது.

நில் என்று கை காட்டினேன்.
நின்றான்.
சந்தியில் ஒரு டிப்பர் திரும்பியது.