காலுறை இருக்கட்டும்

புந்தா அரேனாஸில் அக்டோபர்க் காற்று
ஆளையே தூக்கிக்கொண்டு போகும்.
நகராட்சி, தெருமுனைகளில் கயிறு கட்டிவிடும்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்
சுகாதார நிலையத்துக்கு,
முப்பத்தோரு வயதில், முதல் முறையாக.

நண்டுத் தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பு.
காரணம் கேட்ட கட்டத்தில் "பல்" என்று எழுதினேன்.
பல் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

எங்கள் வரிசையின் ஒதிலியா முன்பே சொல்லியிருந்தாள்:
வாசனை எதுவும் பூசாதே,
விலக்கு நாளென்றால் தள்ளிப்போடு,
பாவாடை என்றால் சுலபம்.
இந்த ஊரில் பாவாடை கட்டிக்கொண்டு
தெருவைக் கடப்பவளை எனக்குக் காட்டு, பார்க்கலாம்.

"எத்தெல்வினா பார்ரியா!"
முழுப் பெயரும் கூடம் முழுக்கக் கேட்டது.

மருத்துவச்சி யஸ்னா என்னைவிடச் சின்னவள்.
காதுக்குப் பின்னால் பேனா.
கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் காட்டினாள்.
உடை களைவதற்கு முன்னால் கேள்விகள்.

கடைசி மாதவிலக்கு எப்போது?
தேதி யாருக்குத் தெரியும்.
எஞ்சின் கெட்டு, சிவப்புப் படகு
இரண்டு நாள் தாமதமாக வந்ததே,
அந்த வாரம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
நாட்காட்டியைப் புரட்டி
பதினொன்று போல, என்று குறித்துக்கொண்டாள்.

கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கவில்லை.
உறவு உண்டா என்றாள். பாதுகாப்பாகவா என்றாள்.
எப்போதும் உன் விருப்பத்தோடுதானா என்றாள்.

ஜன்னலைப் பார்த்தேன்.
ஒரு பிளாஸ்டிக் வாளி தெருவில் உருண்டு போயிற்று.
அந்தக் கட்டத்தை அவள்
காலியாகவே விட்டாள்.

"இது ஸ்பெகுலம்" என்று கையில் கொடுத்தாள்.
வாத்தின் அலகு போலிருந்தது.
திருகைத் திருப்பிப் பார்த்தேன்.
இரும்பு எனக்குப் புதிதில்லை.
ஒன்பது ஆண்டுகளாக நண்டின் கால் மூட்டில்
கத்தரியை நுழைத்துப் பிளக்கிறவள் நான்,
நிமிடத்துக்குப் பதினான்கு.
நண்டுக்கு யாரும் கருவியைக் காட்டுவதில்லை.

அதை வெந்நீர்க் குழாயடியில் பிடித்தாள்.
இடுப்புக்குக் கீழே மட்டும் கழற்று,
காலுறை இருக்கட்டும், தரை சில்லிடும் என்றாள்.
இடது காலுறையின் ஓட்டைவழியே
கட்டைவிரல் வெளியே வந்திருந்தது.
தாங்கியில் கால் வைத்ததும்
ஊர்வலம் பார்க்க வந்ததுபோல் நிமிர்ந்து நின்றது.
என்னிடமிருந்த வெட்கம் மொத்தமும்
அந்த விரலுக்கே போய்விட்டது.

"நிறுத்து என்றால் நிறுத்திவிடுவேன்."
எல்லாரும் சொல்வதுதான்.

தொடையைத் தொடப் போகிறேன் என்றாள்; தொட்டாள்.
இனிக் கருவி என்றாள்.
வலி என்று சொல்ல முடியாது. ஓர் அழுத்தம்,
உள்ளே யாரோ
இறுகிப்போன இழுப்பறையைத் திறப்பது போல.

நிறுத்து என்றேன்.

கை நின்றது.
கருவியை மெல்ல வெளியே எடுத்தாள்,
விரிப்பை என் முழங்கால்வரை இழுத்துவிட்டாள்,
சக்கர ஸ்டூலை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி
உட்கார்ந்துகொண்டாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வலித்துச் சொன்னதில்லை அது.
அந்தச் சொல் வேலை செய்கிறதா என்று
பார்க்கத்தான் சொன்னேன்.
முன்பொருமுறை, வேறோர் அறையில்
இதே சொல்லைச் சொல்லியிருக்கிறேன்.
என் குரலில்தான் ஏதோ கோளாறு என்று
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

சரி, இப்போது செய், என்றேன்.
கருப்பை வாயில் சின்னத் தூரிகை ஒரு சுற்று,
கண்ணாடித் தகட்டில் ஒரு தீற்றல்.
சோறு வடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.
பிறகு மார்பை நானே தடவிப் பார்க்கும் விதம்.
பிறகு, முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்,
துளி ரத்தம் பட்டால் பயப்படாதே,
அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றிப்
பேசத் தோன்றினால்
செவ்வாயும் வியாழனும் இங்கேதான் இருப்பேன்.

இன்று செவ்வாய்.

திரும்பும்போது காற்று எதிரே.
கயிறு அதிர்ந்துகொண்டிருந்தது,
இரண்டு கையாலும் பிடித்தேன்.

மாலை வேலையில் மேற்பார்வையாளர் கேட்டார்:
பல்லைப் பிடுங்கிவிட்டார்களா?
இல்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான், என்றேன்.
ஒதிலியா நண்டுக் குவியலுக்குள்
முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள்.

அவளிடம் ஒரு ஜோடிக் காலுறை கேட்டேன்.
கட்டைவிரல் இன்னும் விறைத்துத்தான் இருந்தது.