தாங்கு சுவர்

பதினாறு வருஷமாகத் தோ பாயோவில்
ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து
வீவக வீடுகளில் எந்தச் சுவரை இடிக்கலாம்,
எதைத் தொடக்கூடாது என்று
சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
வரைபடத்தில் கறுப்பாய் நிரப்பியவை தாங்கு சுவர்கள்.
வெள்ளையாய் விட்டவை
உங்கள் விருப்பம்.

டாக்டர் சியூ ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டார்.
இடது வட்டத்தில், பத்து மணிக்கு முள் நிற்கும் இடத்தில்,
ஒரு புள்ளி.
எதையும் கறுப்பாய் நிரப்பவில்லை.

கட்டியை மட்டும் சுற்றிலும் கொஞ்சம் ஓரத்தோடு எடுக்கலாம்,
பிறகு மூன்று வாரமோ நான்கு வாரமோ
சனி ஞாயிறு போகத் தினமும் கதிர்வீச்சு.
இல்லை, முழுவதும் எடுத்துவிடலாம்.
எடுத்த இடத்தை அப்படியே விடலாம்,
வயிற்றுச் சதையைக் கொண்டுவந்து கட்டலாம்,
சிலிக்கான் வைக்கலாம்.
எதுவானாலும் நீலச் சாயம் செலுத்தி
அக்குளில் எந்தக் கணு முதலில் குடிக்கிறது என்று பார்ப்பார்களாம்.

எது நல்லது டாக்டர்?

"உங்களுக்கு வந்திருப்பதில், உயிரைப் பொறுத்தவரை
இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்."

ஒன்றுதான் என்றால்
என்னை எதற்குக் கேட்கிறீர்கள்?

செங்குட்டுவன் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டார்.
மெடிசேவ் எவ்வளவு கழியும் என்று கேட்டார்.
அதற்குப் பிறகு கேட்க அவரிடம் ஒன்றுமில்லை.
கார் நிறுத்துமிடத்தில்
எங்கள் காரைத் தேடி மூன்று தளம் ஏறி இறங்கினோம்.
"உன் விருப்பம்தான்" என்றார்.
ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் நான் சொல்லும் வாக்கியம்.
இவ்வளவு குளிரும் என்று தெரியாது.

கொடுத்தனுப்பிய கையேட்டில்
தமிழ்ப் பக்கம் கடைசி.
மார்பகம், மார்பகம், மார்பகம்.
உணவகம், நூலகம், மருந்தகம் மாதிரி
ஒன்பது மணிக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடும்
ஏதோ கட்டடம்.
எங்கள் வீட்டில் அதற்குச் சொல்லே இருந்ததில்லை.
அம்மா 'நெஞ்சு' என்பாள்,
சளிக்கும் அதே சொல்தான்.

கணக்குப் பிரிவு ரொஹாயா
மூன்று வருஷமாக என்னோடு லிஃப்டில் வருகிறாள்.
அவளுக்கு யார் சொன்னார்களோ,
சக்கர நாற்காலிக்காரர்களுக்கான கழிப்பறைக்குள் என்னை இழுத்துத் தாழ் போட்டாள்.
தூடோங் ஊசிகளை ஒவ்வொன்றாய் எடுத்து
உதட்டில் கவ்விக்கொண்டு
சட்டையைத் தூக்கினாள்.

வலது பக்கம் ஒரு கோடு,
ஒட்டி அனுப்பிய உறையின் வாய் மாதிரி.
"தொடு" என்றாள், ஊசிகளுக்கு நடுவே.
தொட்டேன்.
வெதுவெதுப்பாக இருந்தது. எலும்பு தட்டுப்பட்டது.
நான் பயந்து வைத்திருந்தது
அங்கே இல்லை.

"நான் திரும்பக் கட்டவில்லை.
செவ்வாய்க்கிழமை செங்காங்கில் நீந்துகிறேன்.
என் தங்கச்சி வயிற்றிலிருந்து எடுத்துக் கட்டினாள்.
எட்டு மணி நேரம். அவளும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.
என்னைப் பார்த்து முடிவு செய்யாதே.
சும்மா பார்."
வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.
இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.
ஓர் ஊசி குழியில் விழுந்தது.

அன்றிரவு முடிவெடுத்தேன்: கட்டி மட்டும்.
பெரிய காரணம் எதுவுமில்லை.
காலை எட்டேகாலுக்குக் கதிர்வீச்சு முடித்தால்
பத்து மணிக்கு மேசையில் இருக்கலாம்.
ஓரம் சுத்தமாக இல்லையென்றால்
இன்னொரு முறை திறக்க வேண்டிவரும் என்றார் சியூ.
அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.
தேவைக்கு மேல் இடிக்க
நான் யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை.

அறுவை நாளில் நான்கு பேர் வந்து
பெயர் கேட்டார்கள், அடையாள அட்டை எண் கேட்டார்கள்,
எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.
இடது, இடது, இடது.
நான்காவது முறை
வாய் வரவில்லை, கையை வைத்துக் காட்டினேன்.
உள்ளே அது
என்னைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

சியூ ஊதா மையில் ஓர் அம்புக்குறி வரைந்தார்.
கொஞ்சம் கோணல்.
அளவும் போடவில்லை.
என் மேசைக்கு வந்திருந்தால்
திருப்பி அனுப்பியிருப்பேன்.