ஏசிக்குத்தான்

ஏசிக்குத்தான் என்பார்கள் எல்லோரும்.
அரை அங்குலச் செம்புக் குழாய், பத்தடி,
சுருளாக வளைத்துத் தர முடியுமா என்று கேட்கும்போதே
எனக்குத் தெரிந்துவிடும்
இந்த ஏசி குளிராது.

தாராவி, தொண்ணூறடி ரோடு.
டின் அடிக்கிறவர்களுக்கும் தோல் கடைக்கும் நடுவில்
பழைய செம்பும் பித்தளையும் எடைபோடுகிற கடை.
பேச்சித்தாய் என்று மராத்தியில் எழுதியதில்
ஒரு எழுத்து குறைவு. தராசில் குறைவு கிடையாது.

பரூல்கர் சாப் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
துறைமுகக் கணக்கில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்ந்தவர்,
மாதுங்காவில் இரண்டாவது மாடி,
மனைவி ஆறு மாசத்துக்கு மகளோடு கனடாவில்.
சட்டைப் பையில் மடித்த காகிதம்,
அதில் ஒரு பிரஷர் குக்கர்,
ஸ்கேல் வைத்து வரைந்தது.
"ஏசிக்குத்தான்" என்றார்.
"எத்தனை விசில் ஏசி?" என்றேன்.

சிரித்தார். பிறகு, சப்போட்டா என்றார்.
டஹாணுவிலிருந்து தம்பி அனுப்பிய இரண்டு கூடை.
தின்ன ஆளில்லை.

நான் குடிக்கிறவள் இல்லை, காய்ச்சினவளும் இல்லை.
ஆனால் இந்த ஊரில் யார் செய்த தப்பும்
ஒருநாள் பழைய செம்பாக என் தராசுக்கு வந்துசேரும்.
வெடித்த மூடி, கருகிய வளையம்,
ஈயம் வழிந்த முட்டு.
அதைப் பார்த்துப் படித்ததுதான், கேளுங்கள் சாப்:

லாரி ரேடியேட்டர் மலிவு. வேண்டாம்.
பற்றவைத்த ஈயம் சொட்டோடு சேர்ந்து வந்து
உங்கள் எலும்பில் வாடகையில்லாமல் குடியிருக்கும்.
பிளாஸ்டிக் குழாயும் வேண்டாம்.
குக்கர் மூச்சுவிடும் ஓட்டையை எதற்காகவும் அடைக்காதீர்கள்,
மூச்சு முட்டினால் மனுஷனே கத்துவான்.
அடுப்பும் சொட்டு விழும் பாட்டிலும்
அக்கம்பக்கம் இருக்கக் கூடாது.
ஆவிக்குக் கண் கிடையாது, நெருப்பை மட்டும் தெரியும்.
ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
கீழ்வீட்டுக்காரன் மோந்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டால்
சட்டம் அவன் பக்கம். லைசென்ஸ் இருக்கிறதா உங்களிடம்?
முதலில் வருவதைக் கொட்டிவிடுங்கள்.

"எவ்வளவு?" நோட்டை எடுத்தார்.
மனசு வலிக்கிற அளவு.

சுருள் குளிரத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணுமாம்,
மூன்று மணி நேரம்,
சும்மா சொல்வதுபோலச் சொன்னார்.
எங்கள் சந்தில் குழாய் ஐந்தரைக்கு வந்து எட்டுக்குப் போய்விடும்.
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசு கொடுத்துவிட்டுத் திரும்பினவர் நின்றார்.
"பற்றவைத்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்கிறார்களே?"

எனக்கு அப்போது பதினொரு வயசு.
டப்பா தட்டுகிற சவரிமுத்து அண்ணன்,
மத்தியானம் ஒரு மணிக்கு, தகரக் கூரை கொதிக்கிற வெயிலில்,
"யாருடி லைட்டை அணைச்சது?" என்றார்.
நாங்கள் எல்லோரும் சுவிட்சைப் பார்த்தோம்.
பழத்தில் ஊறினது இல்லை அது,
யாரோ பாக்டரி டிரம்மிலிருந்து எடுத்துக் கலந்தது.
எரித்துக் காட்டித்தான் விற்றார்கள்.
நீலமாகத்தான் எரிந்தது.

சாப் அதை நோட்டில் எழுதவில்லை.

ஒரு மாசம் கழித்து இருமல் மருந்து பாட்டிலோடு வந்தார்.
மேலே சிவப்பு மையில் தேதி, சூடு, அளவு,
அடியில் கோடிட்டு: முதல் வடிப்பு, குடிக்கக் கூடாது.
"கொட்டச் சொன்னேனே?"
"கணக்கெழுதாமல் இதுவரை எதையும் கொட்டினதில்லை.
செம்பு துடைக்க ஆகுமா?"

மற்ற பாட்டிலைப் பற்றிக் கேட்டேன்.
அது கனடா விமானத்துக்காகக் காத்திருக்கிறதாம்.
ஒரு வாய் பார்க்கவில்லையா?
கழுத்தைச் சொறிந்துகொண்டே படியிறங்கிவிட்டார்.

பீடி பிடிக்கிறவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு
பழைய பனியனில் நனைத்துத் தராசுத் தட்டைத் துடைத்தேன்.
ஏழு வருஷத்துப் பச்சையில் பாதிதான் போனது.
அன்றைக்குச் சாயங்காலம் வரை
குழாய்க்கு வந்தவனும் குண்டான் விற்க வந்தவளும்
உள்ளே தலையை நீட்டிக் கேட்டார்கள்,
இங்கே எங்கேயோ
என்னமோ பழுத்திருக்கிறதே என்று.