ஆர்கான், இரவு இரண்டரை

ஆகஸ்ட். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்க்கிறது.
சில்லர் நின்றுவிட்டதென்று
முசஃபாவிலிருந்து என்னை வரவழைத்தார்கள்.
லேசருக்குக் காய்ச்சல் ஆகாதாம்.

தண்ணீர் ஓடத் தொடங்கியதும்
நஃபீலா மேடம் திரையைக் காட்டினார்:
அணுவின் சுவரை ஒளி ஒருபக்கமாய்ச் சாய்க்கும்.
எலக்ட்ரான் ஏறிக் குதிப்பதில்லை;
மெலிந்த இடத்தில் கசிந்துவிடும்.
அரைச் சுற்றில் புலம் திரும்ப
சில மட்டும்
விட்ட இடத்துக்கே வந்து மோதும்.
அந்த மோதலில்தான் புது வெளிச்சம்.

மற்றவை?

டிடெக்டரில் எண்ணிக்கை.
துடிப்புக்கு நாலு, ஏழு, இரண்டு.

எக்ஸிட் அடித்த பாஸ்போர்ட் மாதிரியா, என்றேன்.
மேடம் சிரிக்கவில்லை.
ஃபில்டரையும் மாற்றிவிடச் சொன்னார்.

மாற்றினேன். பதினெட்டு டிகிரி.
கையெழுத்துக்குக் கீழே நேரம் குறிக்கையில்
ஒரு நொடி
எவ்வளவு பெரிதாய்க் கிடந்தது.