மூன்று நாற்பது

வைவா,
புதிதாக என்ன பார்த்தாய், என்ன படித்தாய்
என்று கேட்டிருந்தாய்.
ஏழாம் எண் டிராலி பஸ்ஸில்
இரண்டு நடைகளுக்கு நடுவே எனக்கு ஐம்பது நிமிடம்.
சூப்புக்குப் பத்து.
பூட்ஸிலிருந்து கவுனாஸின் பனிச்சேற்றை உதற இரண்டு.
மிச்சத்தில் கண்டதைத்தான் எழுத முடியும்.

ஆற்றுப் பாலத்தின் அடியில் ஒருத்தி
குழந்தை வண்டியில் பழைய புத்தகங்கள் விற்கிறாள்.
ஒரே குடை. அது புத்தகங்களுக்கு.
பாசிகளைப் பற்றி ஒன்று, அட்டை போனது, ஒரு யூரோ.
பாசி எனக்கெதற்கு?
சும்மா புரட்டினேன்.
பதினொன்றாம் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால்
'இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.
பதினேழில் மறுபடி 'இல்லை'.
இருபத்து மூன்றில், தாள் பொத்துப் போக அழுத்தி,
'இல்லவே இல்லை'.
பாசியோடு இத்தனை பகை வளர்க்க
ஒரு மனிதருக்கு என்னதான் நேர்ந்திருக்கும்!
சண்டைக்காகவே வாங்கினேன்.
சிக்னல்களில் படிக்கிறேன்,
பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கும் வரை.

தொண்ணூறாம் பக்கத்தில்,
ஈரமில்லாமல் இருபது வருடம் கிடந்த பாசி
ஒரு சொட்டு நீருக்கு மறுபடி பச்சையாகும்
என்று ஆசிரியர் சொல்லுமிடத்தில்
அதே கை, கொஞ்சம் தளர்ந்து,
'சரி, இருக்கலாம்'.
வைவா, நான் ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

இனி ஓவியம்.
பழைய சோப்புத் தொழிற்சாலையில் திறந்திருக்கிறார்களே,
அந்தக் கூடம். இலவசம். கழிப்பறையும் சுத்தம்.
(முதல் நாள் அதற்காகத்தான் போனேன்.)
கடைசி அறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில்,
தபால் உறை அளவுக்கு ஒன்று மாட்டியிருக்கிறது.
மேசை. ஜாடி. பாதி ரொட்டி.
தரையில் ஒரு நாற்காலியின் நிழல்.
நாற்காலி இல்லை.
வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்கிறது அட்டை;
தலைப்பு 'சமையலறை' என்கிறது,
யாரோ அவசரத்தில் வைத்த பெயர் போல.

ஓவியர் மறந்துவிட்டாரா என்றேன்.
காவலர் கெஸ்டூடிஸ் வாயில் இருந்த மிட்டாயை
ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிவிட்டு
தரையைக் காட்டினார்.
அவருடைய நாற்காலியின் நான்கு கால்களுக்கும்
சாக்பீஸ் வட்டங்கள்.
பிப்ரவரிக் கடைசியில் பத்து நாள் மட்டும்,
மூன்று நாற்பதுக்கு,
ஜன்னல் வெயில் அவர் நாற்காலியில் விழுந்து
நிழல் சுவரேறுமாம்,
சட்டத்தின் ஓரம் வரை வந்து
உள்ளே இருக்கும் நிழலோடு ஒட்டிக்கொள்ளுமாம்.
முதல் வருடம் இரண்டு விரல் பிசகியது.
மறு வருடம் நகர்த்தி வைத்தார்.
'மேலாளருக்குத் தெரியுமா?'
'அவர் காலையில்தான் வருவார்.'

அன்றே உட்கார்ந்து காத்திருந்தேன்.
கெஸ்டூடிஸ் எழுந்து ஓரமாக நின்றார்,
விருந்தாளிக்கு இடம் விட்டவர் போல.
மூன்று முப்பத்தெட்டுக்கு மேகம்.
மூன்று நாற்பத்தைந்துக்கும் அதே மேகம்.
எனக்கு நாலு மணிக்கு வண்டி.

ஆக, நான் பார்க்காததைத்தான்
பார்க்கச் சொல்லி உனக்கு எழுதுகிறேன்.

பஸ்ஸை எடுத்த பிறகு, சந்தை நிறுத்தத்தில்,
வெயில் வந்தது, வெட்கமே இல்லாமல்.
காலி இருக்கைகளின் நிழல்கள்
நடைபாதையில் வரிசையாகச் சாய்ந்தன.
ஏறின பையன் ஒன்றின் மேல் மிதித்தான்;
எனக்குச் சுருக்கென்றது.

பாசிப் புத்தகத்தில் பென்சில்
நூற்று நாற்பத்தொன்றோடு நின்றுவிடுகிறது.
ஒத்துக்கொண்டாரா, அலுத்துப் போனாரா,
பென்சில் தீர்ந்ததா, தெரியவில்லை.
நூற்று நாற்பத்திரண்டில் ஆசிரியர்,
கல்லை விடப் பாசிக்குப் பொறுமை அதிகம் என்கிறார்.
டிக்கெட் கட்டுக்கு வைத்திருக்கும் பென்சிலை எடுத்து
ஓரத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

நீ வரும்போது வண்டியைத் தருகிறேன்,
புத்தகத்தைச் சொன்னேன்.
இருபத்தெட்டுக்குள் வா.
மேகத்துக்கு நான் பொறுப்பில்லை.